இராயப்பன் என்றொரு பெயர்

(திருத்தூதர்கள் பேதுரு, பவுல் பெருவிழாவையொட்டி ஒலிபரப்பான வானொலி உரை)

இந்த ஆண்டு உங்கள் பங்கில் திருமுழுக்குப் பெற்ற ஆண் குழந்தைகளில் யாருக்காவது இராயப்பன் என்று பெயர் வைத்தார்களா? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜெரோம், ஜோயல், ஆரோன், ஈத்தன் எல்லாம் இருப்பார்கள். இராயப்பன் இருப்பது அரிது. ஆனால் வடசென்னையில் பேருந்து நடத்துநர்கள் நாள் முழுவதும் அந்தப் பெயரைத்தான் கூவிக்கொண்டிருக்கிறார்கள். ரயில் நிலையப் பலகையில் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அதுதான் எழுதியிருக்கிறது. இராயபுரம் என்றால் இராயப்பரின் புரம். ஆங்கில எழுத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ராஜாங்கத் தொடர்பு இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அங்கே படகுக்காரர்கள் கட்டிய புனித இராயப்பர் கோவிலிலிருந்துதான் ஊருக்குப் பெயர் வந்தது என்பதே பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விளக்கம்.

இராயப்பர் யார்? பேதுருதான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு இந்தப் பெயரின் கதை.

அந்த மீனவருக்கு வீட்டில் வைத்த பெயர் சீமோன். ஆண்டவர் அவருக்கு வேறு பெயர் சூட்டினார். தாம் பேசிய அரமேய மொழியில் அவர் சொன்ன சொல் கேபா. பாறை என்று பொருள். யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. கிரேக்கம் பேசியவர்கள் அதைப் பொருளோடு மொழிபெயர்த்துப் பெத்ரோஸ் என்றார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் பொருளை விட்டுவிட்டு ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். லத்தீனில் பெத்ரூஸ், போர்ச்சுகீசியத்தில் பெத்ரோ, ஆங்கிலத்தில் பீட்டர். பீட்டர் என்ற சொல்லைக் கேட்கும் ஆங்கிலேயருக்குப் பாறை ஞாபகத்துக்கு வருவதில்லை. தமிழில் பேதுரு என்பதும் அப்படித்தான்: ஓசை இருக்கிறது, பாறை இல்லை.

இந்தச் சென்னையிலேயே இன்னொரு பெத்ரூஸ் இருந்தார். ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான். 1726-இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் மர்மலாங் பாலத்தைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் கொடைதான். ஆர்மீனியர் வாயிலும் அது பெத்ரூஸ்தான். ஆக, எத்தனையோ நாட்டார் அந்த மீனவரின் பெயரைக் காதால் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கர் அதன் பொருளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தமிழகத்தில் கிறிஸ்தவப் பெயர்கள் இரண்டு வழியாக வந்தன. ஒன்று கடற்கரை வழி. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு வந்த பெயர்கள் அவர்கள் உச்சரிப்பிலேயே தங்கிவிட்டன. ஜோசே என்று அவர்கள் சொன்னது நம் நாக்கில் சூசை ஆயிற்று. சந்தியாகோ சந்தியாகு ஆனார். இனாசியோ இன்னாசி ஆனார். சேவியர் சவேரியாராகி, பிறகு சவரிமுத்துவாகி, தமிழ்நாட்டில் பிறந்தவரைப் போலவே ஆகிவிட்டார். கடற்கரையில் உழைத்த அன்றீக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ்ப் புத்தகத்தை அச்சிட்டாரே, அது அந்தக் காலம். பெயரைக் கேட்டபடி சொல்வதே அப்போது வழக்கம்.

மற்றொன்று உள்நாட்டு வழி. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, கிறிஸ்தவனாவதற்குப் பரங்கியாக வேண்டியதில்லை என்று நினைத்தவர். அவர் வழியில் வந்த குருக்கள் பெயர்களைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்குத் தமிழ்ச் சட்டை தைத்தார்கள். யோவான் என்றால் கடவுளின் அருள், ஆகவே அருளப்பன். பவுல் என்றால் லத்தீனில் சிறியவர், ஆகவே சின்னப்பன். ஸ்தேவான் என்றால் கிரேக்கத்தில் முடி, கிரீடம், ஆகவே முடியப்பன். அந்திரேயா என்றால் ஆண்மை, வலிமை, ஆகவே பெலவேந்திரன். குருக்கள் தங்களையும் விட்டுவைக்கவில்லை. 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். கொன்ஸ்தான்சோ பெஸ்கி, உறுதி என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு முதலில் தைரியநாதர் ஆனார். வீரமாமுனிவர் என்பது பிறகு வந்தது.

இந்த வழியின் மிக அழகான பெயர் 1745-இல் வடக்கன்குளத்தில் ஒருவருக்குக் கிடைத்தது. திருவிதாங்கூர் அரசு அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளைக்குத் திருமுழுக்குப் பெயர் லாசர். எலெயாசர் என்ற எபிரேயப் பெயரின் சுருக்கம் அது, கடவுள் உதவி செய்தார் என்று பொருள். தமிழில் தேவசகாயம். 1752-இல் காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, லாசரையும் தேவசகாயத்தையும் சேர்த்தே வாசித்தார்கள்.

இந்த இரண்டு வழிகளும் நம் சென்னைக் கடற்கரையிலேயே இரண்டு ஊர்ப் பெயர்களாக நிற்கின்றன. தெற்கே சாந்தோம். அது போர்ச்சுகீசியரின் சான் தோமே, புனித தோமையார் என்பதன் ஓசை வடிவம். வடக்கே இராயபுரம். அது பொருள் வழியில் வந்த தமிழ்ப் பெயர். ஒரே கடற்கரையில் இரண்டு திருத்தூதர்கள் இரண்டு விதமாகக் குடியேறியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு முடிச்சை அவிழ்க்க வேண்டும். அருளப்பனில் அருள் தெரிகிறது. முடியப்பனில் முடி தெரிகிறது. இராயப்பனில் பாறை எங்கே? தமிழில் பாறைக்கும் கல்லுக்கும் இராய் என்று யாரும் சொல்வதில்லை. நேராக மொழிபெயர்த்திருந்தால் கல்லப்பன் என்றோ பாறையப்பன் என்றோ வந்திருக்கும். (வராததற்கு நன்றி சொல்வோம்.) இதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். இராயன் என்றால் அரசன், தலைவன். திருத்தூதர்களின் தலைவர் என்பதால் இராயப்பர் என்பது ஒன்று. தெலுங்கில் ராயி என்றால் கல், அதிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. தெலுங்குக் கத்தோலிக்கரிடமும் ராயப்ப என்ற பெயர் உண்டு.

எனக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகப் படுகிறது. காரணம் இருக்கிறது. அன்றைக்கு மதுரையை ஆண்ட நாயக்கர்கள் தெலுங்கு பேசியவர்கள். நொபிலி தமிழோடும் வடமொழியோடும் தெலுங்கும் கற்றவர். மற்றப் பெயர்களையெல்லாம் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டது போலப் பொருள் பார்த்து அமைத்தவர்கள், பொருளே பெயராக இருக்கும் பேதுருவிடம் மட்டும் அதைக் கைவிட்டிருப்பார்கள் என்று நம்புவது கடினம். அதோடு, மத்தேயு நற்செய்தியின் பதினாறாம் அதிகாரத்தில் ஆண்டவர் அந்தப் பெயரையும் பாறையையும் இணைத்து ஒரு சொல் விளையாட்டுப் போல் பேசுகிறார் அல்லவா? பேதுரு என்று வாசிக்கும்போது தமிழில் அந்த இணைப்பு அறுந்துபோகிறது. ராயப்ப என்றும் ராயி என்றும் தெலுங்கில் சொல்லிப் பாருங்கள், இணைப்பு திரும்பி வந்துவிடுகிறது.

ஆனால் சாதாரணத் தமிழன் காதில் விழுந்தது கல் அல்ல, இராயர்தான். அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. கொங்கு நாட்டில் கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களிலும் இராயப்பன் உண்டு. கேட்டால் அந்நியமாகத் தோன்றாத பெயர். அதுதானே அந்தக் குருக்கள் விரும்பியது?

சரி, இந்தப் பெயர் வடசென்னைக் கரைக்கு ஏன் அவ்வளவு பொருந்தியது? 1640-இல் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கிய சென்னைக் கரையில் துறைமுகமே கிடையாது. வளைகுடா இல்லை, ஆற்று முகத்துவாரம் கப்பலுக்கு உதவாது. வெறும் திறந்த மணற்கரை, ஓயாத அலை. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரி, பீரங்கியானாலும் சரி, வெள்ளிப் பெட்டியானாலும் சரி, அலையைத் தாண்டிக் கரை சேர மசூலாப் படகு வேண்டும். அந்தப் படகில் ஆணியே இருக்காது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். படகு போக முடியாத நாளில் கட்டுமரக்காரர்கள் போவார்கள். கடிதங்கள் நனையாமல் இருக்க ஓலையால் செய்த கூம்புத் தொப்பிக்குள் அவற்றை வைத்துக் கொண்டுபோனார்கள். கம்பெனியின் வணிகமெல்லாம் இந்த மனிதர்களின் தோளில் நடந்தது. அலை மீறிய நாளில் அவர்கள் கடலுக்குள் போக மறுத்தால் ஆளுநரும் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் படகுக்காரர்களில் பலர் கத்தோலிக்கர். குருகுலத்தார் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர்கள் தங்கள் உழைப்பில் எழுப்பிய ஆலயத்துக்கு யாரைப் பாதுகாவலராகத் தேர்ந்துகொள்வார்கள்? புயலில் படகில் இருந்தவர், இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் அகப்படாமல் களைத்தவர், தண்ணீர்மேல் இரண்டு அடி நடந்துவிட்டுப் பயந்து மூழ்கப் போனவர். அவர்களுக்கு இராயப்பர் எட்டாத உயரத்துப் புனிதர் அல்ல, தொழிலில் மூத்தவர்.

1856-இல் ரயில் வந்தபோது ஊர்ப் பெயர் பலகையில் ஏறியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்த நாள் ஜூன் 28. மறுநாள் இராயப்பர், சின்னப்பர் திருநாள். வேண்டுமென்று வைத்த தேதி என்று நான் சொல்லவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் நம் திருநாள் அட்டவணையைப் பார்த்து நாள் குறித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வாரம் கோவில் தெருவில் கொடி பறந்திருக்கும், புதிய நிலையத்தில் தோரணம் ஆடியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஜூலை முதல் நாள் வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

பெயர் எப்படிப் பரவியது என்று கேட்கிறீர்களா? அதற்கு நம் மொழியிலேயே ஒரு சொல் இருக்கிறது. பேரன் என்பது பெயரன் என்பதன் திரிபு. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். இராயப்பன் மகன் அந்தோணி, அந்தோணி மகன் இராயப்பன், அவன் மகன் மறுபடி அந்தோணி. ஒன்றுவிட்டு ஒன்று, ஏணிப்படி போல. மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று இருந்த மருமகள், மகனைக் கூப்பிடும்போது அப்பு என்பாள், பெரியவரே என்பாள், இராயப்பா என்று மட்டும் சொல்ல மாட்டாள். ஜூன் மாதக் கடைசியில் பிறந்தால் தாத்தா பெயர் எதுவானாலும் இராயப்பன்தான். இரட்டைக் குழந்தைகள் என்றால் கேட்கவே வேண்டாம், ஒருவன் இராயப்பன், ஒருவன் சின்னப்பன். கோவில் பதிவேட்டில் குருவானவர் லத்தீனில் பெத்ரூஸ் என்று எழுதுவார். வீட்டில் இராயப்பன். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி, குழந்தைக்குக் கிறிஸ்தவப் பெயர் வைக்கும்படி குருவானவர் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் வேறு பெயர் வைத்தால் ஒரு புனிதரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால் பட்டியல் சிறியது, ஒவ்வொரு பெயரும் அடிக்கடி சுழன்று வந்தது. ஒரே தெருவில் மூன்று இராயப்பன் இருந்தால் நெட்டை, குட்டை, கறுப்பு என்று அடையாளம் சேர்த்துச் சமாளித்தார்கள்.

அந்த ஏணி ஓரிடத்தில் அறுந்தால் போதும், பெயர் போய்விடும். பல இடங்களில் அறுந்தது.

முதலில் தொழில் போனது. 1875-இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதைச் சிதைத்தது. மறுபடி கட்டினார்கள். கப்பல் கரையோரமே வந்து நிற்கத் தொடங்கிய பிறகு மசூலாப் படகுக்கு என்ன வேலை? பிள்ளைகள் துறைமுகக் கூலிக்கும் ரயில்வேக்கும் ஆலைகளுக்கும் எழுத்து வேலைக்கும் போனார்கள். அங்கே ஆங்கிலேயத் துரைக்கு வாயில் நுழையும்படி இராயப்பன் பீட்டர் ஆனான். பள்ளிக்கூடப் பதிவேடும் பீட்டரையே விரும்பியது. பிற்பாடு அந்தப் பீட்டருக்கு நேர்ந்த கதியும் உங்களுக்குத் தெரியும். தேவையில்லாத இடத்தில் ஆங்கிலம் பேசி மிடுக்குக் காட்டினால் 'பீட்டர் விடாதே' என்கிறது சென்னைத் தமிழ். கலிலேயா மீனவரின் பெயர் கடைசியில் இங்கிலீஷ் அலட்டலுக்கு அடைமொழியாயிற்று! தம் சொந்தப் பேச்சு வழக்கே தம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று தலைமைக் குருவின் முற்றத்தில் அன்று கேட்டவர் அவர். இதையும் பொறுத்துக்கொள்வார்.

இரண்டாவது காரணம் நாமே செய்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக வெளிவந்தது. அந்தக் காலம் தொட்டுப் புராட்டஸ்டாண்டு சகோதரர்களிடம் பேதுரு, பவுல், யோவான் என்பதே வழக்கம். நம்மிடம் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர். பெயரைச் சொன்னாலே எந்தக் கோவிலுக்குப் போகிறவன் என்று தெரிந்துவிடும். வேலியே பெயர்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இரு சபையாரும் சேர்ந்து உட்கார்ந்து உழைத்ததன் பலனாக, 1995-இல் திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு வந்தது. அதில் பேதுருவும் பவுலும் யோவானும் நின்றார்கள். அருளப்பர் நற்செய்தி யோவான் நற்செய்தி ஆயிற்று.

என் கருத்தைக் கேட்டால், அது சரியான முடிவு. ஆண்டவருடைய வார்த்தையைத் தமிழர் எல்லாரும் ஒரே புத்தகத்திலிருந்து வாசிக்க முடிவது சிறிய காரியம் அல்ல. ஒரு பெயருக்காக அதை மறுத்திருக்க முடியாது. ஆனால் என்ன கொடுத்து அதை வாங்கினோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். லத்தீன் பூசை இருந்த காலமெல்லாம் தமிழ்ப் பெயரோடு இருந்த திருத்தூதர், எல்லாம் தமிழான பிறகு கிரேக்க ஓசைக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை வாசகத்தில் காதில் விழாத பெயரைப் பிள்ளைக்கு யார் வைப்பார்கள்? 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் பெயர் விஷயத்தில் கையைத் தளர்த்தியது. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயர் கூடாது என்பதோடு நிறுத்திக்கொண்டது. நல்ல தமிழ்ப் பெயர்களுக்கு அது வழிவிட்டது. ஆனால் அந்த வழியில் இன்று அதிகமாக நடந்து வருகிறவர்கள் தொலைக்காட்சிப் பெயர்கள்தான். வயதான பாட்டிமார் மட்டும் இன்னும் சின்னப்பர் திருமுகம் என்று சொல்லி நம்மை ஒரு நொடி நிறுத்துகிறார்கள்.

பெயர் அடியோடு அழியவில்லை. ஈழத்தில் அது இராயப்பு என்று வாழ்ந்தது. மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராக 1992 முதல் 2016 வரை இருந்து, போரின் நடுவே தம் மக்களுக்காகப் பேசிய இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2021 ஏப்ரல் முதல் நாள் இறைவனடி சேர்ந்தார். 2019 தீபாவளிக்கு வந்த 'பிகில்' திரைப்படத்தில் நடிகர் விஜய்க்குத் தந்தை, மகன் என்று இரண்டு வேடம். தந்தை பெயர் இராயப்பன், மகன் பெயர் மைக்கேல். கதை எழுதியவர்கள் நம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்களோ என்னவோ, தலைமுறைக் கணக்கு அச்சாகப் பொருந்துகிறது. படம் வந்த பிறகு பிள்ளைகள் அந்தப் பெயரைக் கெத்தாக உச்சரித்ததை நானும் கேட்டேன். பிறந்த குழந்தைக்கு வைக்கும் அளவுக்கு அந்தக் கெத்து நீடித்ததாகத் தெரியவில்லை.

அது இன்று ஒளிந்திருக்கும் இடம் வேறு. இராயபுரத்திலோ காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ ஆர். மைக்கேல், ஆர். அந்தோணி என்று கையெழுத்துப் போடுகிற நடுவயதுக்காரர் யாரையாவது பார்த்தால், அந்த 'ஆர்' யார் என்று கேளுங்கள். சிலரிடம் ராபர்ட் வரும், சிலரிடம் ராயர் வரும். சிலர் கொஞ்சம் சிரித்துக்கொண்டே அப்பா பெயர் இராயப்பன் என்பார்கள். ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாகச் சுருங்கியிருக்கிறது அந்தப் பாறை. ஆனால் கடவுச்சீட்டு எடுக்கப் போனால், முதலெழுத்தை விரித்துக் குடும்பப் பெயராக எழுதச் சொல்கிறார்கள். அப்போது அது முழுப் பெயராக வெளியே வருகிறது. அப்படியே விமானம் ஏறிக் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போகிறது. பேரன், பேத்தி என்று பார்க்காமல் எல்லார் பெயரோடும் ஒட்டிக்கொள்கிறது. அங்கே பள்ளியில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தட்டுத் தடுமாறி 'இராயப்பன்' என்று கூப்பிடும்போது, கை தூக்கி எழுந்து நிற்பது ஒரு சிறுமியாகவும் இருக்கலாம்.